அண்ணன் உட்கார்ந்த இடம்

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்றது. அதோடு சரி. ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற, அண்ணனின் புல்வெட்டி வண்டி கிளம்பவில்லை.

தம்பி பக்கத்தில் நின்றபடியே ஒரு காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு மறுபடி திருப்பினார். மறுபடியும் ‘டிக்’.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனின் உடல் வருகிறது. “என்னைக் கடைசியா என் புல்தரையிலதான் கிடத்தணும். புல்லு ஒட்ட வெட்டியிருக்கணும்” என்று தம்பியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் படுக்கையில் கிடந்த நாட்களில் புல் முழங்காலைத் தொட்டுவிட்டது. தம்பி வெளியூர்க்காரர். அண்ணன் போனில் புல்லின் பெருமை பேசுவதைக் கேட்டிருக்கிறாரே தவிர, வண்டியைத் தொட்டது இன்றைக்குத்தான்.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் துணைக்கு வந்தார்.

“பேட்டரிக்கு உயிர் போயிருக்கும்” என்றவர், சாவு வீடு என்பது உறைக்கவே, “தீர்ந்து போயிருக்கும்” என்று திருத்திக்கொண்டார்.

தன் கார் பேட்டரியைக் கழற்றி வண்டியில் மாட்டினார். ‘டிக்’. அதைத் திரும்பக் காரில் மாட்டியதும் கார் தானாக அலற ஆரம்பித்தது. துக்கம் விசாரிக்க வந்த இரண்டு பேர் வாசலோடு திரும்பிப் போனார்கள்.

“ஏறி உக்காந்து ஒரு தரம் பாருங்களேன் சார்.”

தம்பியின் முகம் சுருங்கியது. “அது அண்ணன் உக்காந்த இடம் டாக்டர். அவரை இன்னும் வழியனுப்பவே இல்லை. அதுக்குள்ள நான் ஏறி உக்காரவா?”

டாக்டர் தலைகுனிந்தார். தம்பி உள்ளே போய் அண்ணனின் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, மடித்து, இருக்கையின் மேல் வைத்தார்.

பிறகு பெட்ரோலை மாற்றினார்கள். பழைய பெட்ரோலைப் பிடித்த வாளி சாய்ந்து புல்லில் கொட்டியது. டாக்டர் ஸ்பார்க் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்குவதில் அவர் கைதேர்ந்தவர். பிடுங்கியதைத் திரும்ப வைப்பது அவர் தொழிலிலேயே கிடையாது என்பதால் அதற்கு வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் தள்ளிப் பார்த்தார்கள். வண்டி சரிவில் உருண்டு பூந்தொட்டிகளை உடைத்துவிட்டு நின்றது.

தம்பி படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். “வாழ்நாள்ல என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு டாக்டர். அதைக்கூட என்னால செய்ய முடியலையே.”

சத்தம் கேட்டு அண்ணி வெளியே வந்தாள். ஆஸ்பத்திரியில் கணவன் பக்கத்திலேயே கிடந்து இளைத்துப் போயிருந்தாள். உடைந்த தொட்டிகளையும் அழுகிற கொழுந்தனையும் பார்த்தாள்.

“நின்னுக்கிட்டே திருப்பினா எப்படித் தம்பி கிளம்பும்? சீட்ல ஆள் இருந்தாத்தான் அது கிளம்பும்.”

“அண்ணன் இடம் அண்ணி. உக்கார மனசு வரலை.”

அண்ணி வண்டியருகே போனாள். சட்டையை எடுத்து ஒரு நிமிடம் முகத்தில் வைத்துக்கொண்டாள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

“இது என் இடம் தம்பி. உங்கண்ணன் உங்ககூட போன்ல பேசிக்கிட்டிருப்பாரு, நான் வெட்டிக்கிட்டிருப்பேன்.”