சிவப்பு நாற்காலிக்கு மட்டும் கலர்

இந்த வீட்டில் என் பேச்சுக்குத் தனி மரியாதை உண்டு. நான் பேசி முடிக்கும் வரை என் மனைவி பொறுமையாகக் காத்திருப்பாள். அப்புறம் அவள் நினைத்ததைச் செய்வாள்.

அப்படித்தான் என் சிவப்புச் சாய்வு நாற்காலிக்கு நாள் குறித்தாள்.

"என்னங்க, இந்தப் பாழாப்போன நாற்காலியை ஞாயித்துக்கிழமை வெளிய தள்ளப் போறேன்."

"என்னையும் சேத்துத் தள்ளு."

"ரெண்டையும் ஒரே நாள்ல தூக்க ஆள் கிடைக்காது."

கல்யாணத்துக்கு முன்பே நான் வாங்கிய நாற்காலி அது. அதில் சாய்ந்தால் உலகமே என் காலடியில். மற்ற நேரங்களில் நான் யார் காலடியில் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைப்பிடியில் ஒரு கிழிசல், முதுகில் தேய்மானம். அதனால் என்ன? எனக்குந்தான் முதுகு தேய்ந்திருக்கிறது. என்னை வைத்துக் காப்பாற்றவில்லையா?

வாயால் அவளை ஜெயித்தவர் யாருமில்லை. கலையால் ஜெயிப்பது என்று தீர்மானித்தேன்.

கம்ப்யூட்டரில் போட்டோக்களைத் திருத்துவது எனக்குக் கைவந்த வித்தை. ஹாலைப் படம் பிடித்து, மொத்தத்தையும் கறுப்பு வெள்ளையாக்கினேன். பிறகு நாற்காலி இருக்கும் இடத்தில் மட்டும் மவுஸை வைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அதன் கலர் திரும்பி வந்தது. சோபா சாம்பல். டிவி சாம்பல். அவள் ஆசை ஆசையாக வாங்கிய பூச்சாடியும் சாம்பல். நடுவில் என் நாற்காலி மட்டும் செக்கச்செவேலென்று ராஜா மாதிரி! கல்லும் கரைந்துவிடும். இவள் எம்மாத்திரம்?

பின்னால் வந்து நின்றாள்.

"அட! நல்லா இருக்கே!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் காரியம் எதையும் பார்த்து அவள் இதுவரை 'அட' போட்டதே இல்லை.

"இடது கால் இன்னும் சாம்பலாவே இருக்கு பாருங்க."

தேய்த்தேன். சரியானது.

"சுத்தி தரையும் கொஞ்சம் கலராத் தெரியுதே?"

தரையை மறுபடி சாம்பலாக்கினேன்.

"அந்தக் கிழிசலை மறைக்க முடியுமா?"

"முடியுமாவா? இருந்த இடமே தெரியாமப் பண்றேன் பாரு!" பண்ணினேன். "இப்பச் சொல்லு. கண்ணு வேற எங்கயாவது போகுதா?"

"நாற்காலியிலயே நிக்குதுங்க. என் ஃபோனுக்கு ஒண்ணு அனுப்புங்களேன்."

ஒன்றென்ன, மூன்று அனுப்பினேன். ஜெயித்த களைப்பு வேறு. நாற்காலியில் சாய்ந்தவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

அழைப்பு மணி எழுப்பியது. கண்ணைத் திறந்தால் எதிரே கீழ்வீட்டுப் பல் டாக்டர் நின்றிருந்தார். கூடவே வாட்டசாட்டமாக இரண்டு பேர்.

"சார், கொஞ்சம் எழுந்திருக்கறீங்களா?"

"எதுக்கு?"

"நாற்காலிக்குத்தான். யாருக்கு வேணும்னு கேட்டு உங்க வீட்டம்மா நம்ம பில்டிங் குரூப்ல படம் போட்டிருந்தாங்களே! என்னா படம் சார்! கண்ணு அதை விட்டு நகரவே மாட்டேங்குது. வேற யாரும் கேக்கறதுக்குள்ள ஓடி வந்துட்டேன்."

மனைவியைப் பார்த்தேன். அவள் பூச்சாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரமாகத் துடைப்பவள் போல அவ்வளவு கவனம்.

மானத்தை விட்டு உண்மையைச் சொன்னேன். "டாக்டர், அதுல கிழிசல் இருக்கு. படத்துல நான்தான் மறைச்சேன்."

"இருக்கட்டும் சார். என் கிளினிக்ல காத்திருக்கறவங்க பயத்துல நாற்காலியையா பாக்கப் போறாங்க?"

இரண்டு பேரும் தூக்கினார்கள். வாசல் வரை பின்னாலேயே போய் நாற்காலியை வழியனுப்பிவிட்டுத் திரும்பினேன். ஹாலில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க," என்றாள். "உங்களுக்காக டாக்டர்கிட்ட பேசி வச்சிருக்கேன். எப்ப வேணும்னாலும் போய் அதுல உக்காரலாம்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். பல்லு வலிச்சாப் போதும்."