முப்பத்தொன்பதா, நாற்பத்துமூன்றா?

வாசகரே, எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் காகத்துக்கும் கறையானுக்கும் அடுத்தபடியாகப் பெருகிக் கிடக்கும் ஓர் இனத்தை இன்று உங்களுக்குக் காட்டப்போகிறேன். 'பொருத்தம் பார்ப்போர்' என்று பெயர். கல்யாணப் பொருத்தம் என்றால் பத்தோடு முடிந்துவிடும். இவர்களுக்கு முடிவே கிடையாது. குடை வாங்கப் போனால் கம்பியின் வளைவைப் பற்றிக் கடைக்காரனோடு ஒரு மணிநேரம் கதைப்பார்கள், நாலு கடை ஏறி இறங்குவார்கள், வீட்டுக்கு வந்து ஒரு படம் கீறிப் பார்ப்பார்கள், கடைசியில் நனைந்துகொண்டு கந்தோருக்கு வேலைக்குப் போவார்கள். முடிவெடுக்கவே மாட்டார்களா? எடுப்பார்கள். ஐயோ, அதுதான் அதைவிட மோசம்.

வட்டுக்கோட்டை இராசநாயகத்தாரைப் பாருங்கள். காணி அளப்பது தொழில். உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட ஜீப் ஒன்றை வாங்கி, சங்கிலியும் கோலுமாய் ஒவ்வொரு நாளும் ஒழுங்கைக்குள்ளும் பற்றைக்குள்ளும் ஓட்டித் திரிந்தார். ஜீப் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒன்று குறையில்லாமல் ஓடினால் எங்கள் இனத்துக்குப் பொறுக்குமா? ஜீப்பின் பின்னால் ஓர் இழுவைப்பெட்டியைக் கொளுவிப் பாரம் ஏற்றவேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்தது.

ஆசையோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கரவெட்டியில் இருக்கும் அக்கா சின்னாச்சியிடம் போய் வாயையும் விட்டுவிட்டார். அக்கா கைம்பெண். அந்த வருடப் பாடு முழுவதும் புகையிலைதான். சிப்பம் சிப்பமாகக் கட்டிய புகையிலை, மணற்பக்கத் தோட்டத்து ஓலைக் கொட்டிலில் கிடந்தது. மழைக்கு முன் கிட்டங்கிக் களஞ்சியத்துக்குப் போய்ச் சேரவேண்டும். வழக்கமாக முருகேசுவின் மாட்டுவண்டில்தான் ஏற்றும்.

"இந்தமுறை வண்டில் பிடியாதையுங்கோ அக்கா. என்ரை ஜீப் ஒரே இழுவையிலை கொண்டுபோய்ச் சேர்க்கும்."

"ஓம் தம்பி, நீ இருக்க எனக்கென்ன குறை" என்று அக்கா முருகேசுவுக்கு இல்லையென்று சொல்லிவிட்டா. பாவம், தம்பி படித்தவன் அல்லவா?

படித்தவன் வீட்டுக்கு வந்து காகிதத்தை விரித்தார். ஜீப்பின் முன்னச்சு, பின்னச்சு ஒவ்வொன்றின் நடுவிலும் இரும்புக் குண்டுக்குள் இரண்டு பல்லுச்சில்லுகள் உண்டு. சின்னதற்கு எட்டுப் பல்லு, பெரியதற்கு முப்பத்தொன்பது. இந்தச் சோடியைக் கழற்றி, எட்டுக்கு நாற்பத்துமூன்று பல்லுள்ள சோடியைப் போட்டால் பாரத்தை நன்றாக இழுக்கும். ஆனால் ரோட்டில் வேகம் குறையும், பெற்றோலையும் குடிக்கும். ஆண்டில் ஒருநாள் பாரத்துக்காக முந்நூறு நாள் ஓட்டத்தைக் கெடுக்கலாமா? ஓட்டத்தைப் பார்த்தால் பாரம் அசையுமா? இராசநாயகத்தார் மேட்டில் ஏறும்போது வேண்டிய இழுவையை மூன்று தசமம்வரை கணித்தார். வாசகரே, குடாநாட்டில் மேடு எங்கே இருக்கிறது? கோயில் படியைவிட உயர்ந்த ஏற்றம் எங்கள் ஊரில் இல்லை. அதையும் ஒருநாள் நாடாவோடு போய் அளந்துவிட்டுத்தான் வந்தார்.

"மாடு வாங்கப் போறவன்கூட உவ்வளவு பல்லு எண்ணமாட்டான்" என்றாள் மனைவி கனகாம்பிகை.

இதற்குள் மூன்று கிழமை போயிற்று. அக்கா அயல்வீட்டுப் பிள்ளையைக் கொண்டு எழுதுவித்த தபாலட்டை ஒன்று வந்தது: "மேகம் கறுக்குது தம்பி." வேகமும் பாரமும் போட்ட அட்டவணை ஒன்றை எழுதி, 'பொறுக்கவும்' என்று அடியில் கோடிட்டு, அதைப் பதிலாக அனுப்பினார். அக்காவுக்கு எழுத்தே வாசிக்க வராது. அயல்வீட்டுப் பிள்ளை அந்த இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்க, அக்கா கைகூப்பிக்கொண்டு கேட்டாவாம்.

ஒருவழியாக நாற்பத்துமூன்று வென்றது. மெக்கானிக் பிலிப்பு தலையைச் சொறிந்தான்.

"ஐயா, மாத்திறதெண்டால் முன்னச்சையும் சேர்த்து மாத்தவேணும். மணலுக்கை நாலு சில்லையும் எஞ்சினோடை பூட்டினியளெண்டால் முன்சில்லு ஒரு வேகம், பின்சில்லு ஒரு வேகம். ஒண்டை ஒண்டு பிடிச்சு இழுக்கும்."

"பெட்டி கொளுவிறது பின்னாலை, பிலிப்பு. பின்னாலை மாத்தினாக் காணும். முன்னாலை என்ன, தேரே இழுக்கப்போறன்?"

"படிச்ச நீங்கள் சொன்னாச் சரிதானே ஐயா" என்று பிலிப்பு பின்னச்சை மட்டும் மாற்றிக் கொடுத்தான்.

பாதிச் செலவில் முழுப் பலன்! யாழ்ப்பாணத்தான் மூளைக்கு இதைவிட ருசியான பண்டம் உண்டா? இராசநாயகத்தாருக்கு அன்றிரவு நல்ல நித்திரை.

மறுநாள் இழுவைப்பெட்டியையும் கொளுவிக்கொண்டு கரவெட்டிக்குப் போனார். சிப்பங்களைப் பெட்டியில் மலைபோல் ஏற்றி, மழைக்கு மூடும் ஒரு படங்கைக்கூட மேலே கட்டாமல், நாலு சில்லையும் பூட்டி மணலுக்குள் விட்டார். பத்துப் பாகத் தூரம்கூடப் போயிருக்காது. முன்சில்லு 'வா' என்றது, பின்சில்லு 'மாட்டேன்' என்றது. இரண்டுமாகச் சேர்ந்து மணலைத் தோண்டி அச்சுவரை இறங்கின. விடுவாரா மனிதர்? ஏறி மிதித்தார். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அதற்குப்பிறகு எஞ்சின் மட்டும் கத்தியது, ஜீப் அசையவில்லை. தொண்டைமானாற்றுப் பக்கமிருந்து மழை இரைந்துகொண்டு வந்தது.

முருகேசு அன்றைக்கு வேறொருவருடைய புகையிலையை ஏற்றப் போயிருந்தான். அதை இறக்கிவிட்டு, செய்தி கேட்டு அவன் ஓடிவந்து சேர்ந்தபோது சிப்பங்களில் பாதி ஊறிப்போய்விட்டன. மீதியை வண்டிலில் ஏற்றினான். இராசநாயகத்தார் மழைக்குள் நின்று நனைந்த சிப்பம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அழுகையை மழை மறைத்தது நல்லதாய்ப் போயிற்று.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கணக்குச் சரியாத்தான் இருக்கும் தம்பி. நான்தான் உன்னை நம்பிப்போட்டன்" என்று சொல்லி, தன் சேலைத் தலைப்பால் அவருடைய தலையைத் துவட்டிவிட்டா.

வாசகரே, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். 'முன்னச்சையும் சேர்த்து மாற்றியிருந்தால் சரிவந்திருக்குமே' என்று இதை வாசிக்கும்போது உங்கள் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியதா? ஓடியிருந்தால், எங்கேயோ உங்கள் அக்காவும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா. எழும்பிப் போய் முதலில் ஒரு வண்டிலைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். கணக்கைப் பிறகு நாங்கள் இரண்டு பேருமாய் இருந்து பார்க்கலாம். என்னிடம் காகிதம் நிறைய இருக்கிறது.