மோட்டார் கொட்டகைக் குடும்பம்

கடிதத்தை மூன்றாவது தடவை படித்து முடித்ததும் மஞ்சுளா எழுந்து போய் ஹாலில் ஓடிக்கொண்டிருந்த ஏசியை அணைத்தாள். அதன் சத்தம் பிரான்ஸ் வரைக்கும் கேட்டுவிடும் போல அவளுக்குப் பட்டது.

"மதாம் வர்றாங்க. வர்ற வியாழக்கெழம" என்றாள்.

"வரட்டுமே. மாடி ரூம் சும்மாத்தான இருக்கு" என்றான் குமரவேல், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இன்னாங்க பேசறீங்க? நமக்கு ஏது மாடி? நாம கூரை வூட்ல இல்ல இருக்கோம்?"

குமரவேல் டிவியை அணைத்துவிட்டு மேலே அண்ணாந்து பார்த்தான். கான்கிரீட் தளம் போட்ட இடத்தில் பத்திரமாகத்தான் இருந்தது.

கதை இதுதான். மஞ்சுளாவுக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் சங்கம் ஒன்று அவளுடைய போட்டோவைப் பிரான்சுக்கு அனுப்பியது. ஜினெத் என்ற பெண்மணி அந்தப் போட்டோவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். அவர்தான் மதாம். பதினெட்டு வயதோடு சங்கத்தின் கணக்கு முடிந்துபோனது. ஆனால் மதாமின் கடிதங்கள் முடியவில்லை. வருடா வருடம் டிசம்பரில் ஒரு பார்சல் வரும். சாக்லேட், பென்சில், இந்த ஊர் வெயிலுக்கு யாரும் போட முடியாத கம்பளிக் காலுறை, கூடவே அங்கே தமிழ் தெரிந்த யாரையோ வைத்து மொழிபெயர்த்த நீளமான ஒரு கடிதம். மஞ்சுளாவுக்குப் பதினொரு வயதில் அம்மா போய்ச் சேர்ந்தபோது மதாம் பதினாறு பக்கம் எழுதியிருந்தார். அந்தப் பதினாறு பக்கமும் இன்றைக்கும் பீரோவில் நகையோடு நகையாக இருக்கிறது.

பதிலுக்கு மஞ்சுளாவும் எழுதுவாள். பொங்கலுக்கு ஒரு போட்டோவும் அனுப்புவாள். அங்கேதான் வம்பு. வகுப்பில் கூடப் படித்த சின்னபொண்ணு, அப்பா புதுசாக ஓட்டு வீடு கட்டியதைச் சந்தோஷமாக எழுதிப்போட்டாள். அவளுடைய பிரான்சு அம்மா வாழ்த்துச் சொல்லி ஒரு அட்டை அனுப்பினார். அதற்கப்புறம் ஒரு வரிகூட வரவில்லை. அதைப் பார்த்து மிரண்டுபோன மஞ்சுளா, அன்றிலிருந்து தன் கடிதங்களில் ஒரு செங்கல்கூட எடுத்து வைக்கவில்லை.

கல்யாணமாகி வந்த பிறகு புருஷனுடைய கரும்புக் கொல்லையின் ரோட்டோரத் துண்டு மனையாக மாறியது. அவன் டிராக்டர் வாங்கினான், அப்புறம் லாரி வாங்கினான், சிமெண்ட் ரோட்டை ஒட்டிப் பச்சைப் பெயிண்ட் அடித்த மாடி வீடு எழும்பியது. கடிதத்தில் மட்டும் பழைய கூரை வீடு ஒழுகிக்கொண்டே இருந்தது. பொங்கல் போட்டோவைக் கொல்லையில் இருந்த மோட்டார் கொட்டகை வாசலில் நின்று எடுப்பார்கள்.

மதாம் எழுதுவது இரக்கத்திலா பாசத்திலா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இரக்கமாக இருந்தால், உண்மை தெரிந்த அன்றைக்கு அம்மா இரண்டாவது தடவை போய்விடுவாள்.

இப்போது வந்த கடிதத்தில் மதாம் இப்படி எழுதியிருந்தார்: 'இந்தியா வளர்ந்துவிட்டது, இனி அது வளரும் நாடு இல்லை என்று எங்கள் சங்கத்தில் தீர்மானம் போட்டு உங்கள் ஊர்க் கோப்புகளை மூடிவிட்டார்கள். வளர்ந்ததா இல்லையா என்று நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். உன்னிடம் நேரில் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது.'

"இனிமே எழுத வேணாமான்னு கேக்கத்தான் வர்றாங்க" என்று மஞ்சுளா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நாடு வளந்துடுச்சா இல்லியான்னு எனக்குத் தெரியாது மஞ்சு. நம்ம வூடு வளந்துடுச்சி. உண்மையச் சொல்லிடு."

ஒன்பதாவது படிக்கும் மகள் இளவரசி சோபாவில் படுத்தபடி சொன்னாள்: "பரீட்சைல வளர்ந்த நாடுன்னு எழுதுனா மார்க் கெடையாதுப்பா. வளரும் நாடுதான்."

பாடப் புத்தகமே தன் பக்கம் நிற்கிறது என்றதும் மஞ்சுளாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. வியாழக்கிழமை ஒரு பகல் மட்டும் மோட்டார் கொட்டகையில் குடித்தனம் செய்வது என்று அவள் முடிவெடுத்தாள்.

முதல் சிக்கல் கூரை. போன வருடம்தான் கொட்டகைக்குக் கீற்றைப் பிரித்துவிட்டு ஷீட் போட்டிருந்தார்கள். மறுபடி வேய்வதற்குக் கீற்றுத் தேடிக் குமரவேல் பைக்கில் திருக்கனூர் வரைக்கும் போய் வந்தான். சுற்றுவட்டாரத்தில் குடிசை என்று ஒன்று இருந்தால்தானே கீற்று இருக்கும். கடைசியில் வில்லியனூர் ரோட்டில் ஓட்டல் நடத்தும் அப்துல்லா பாயிடம் போனார்கள். அவர் ஓட்டலின் பின்பக்கம் சென்னைக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுவதற்காக ஏழெட்டுக் குடிசை போட்டு வைத்திருந்தார்.

"குடிசைன்னா ரெண்டு நாள் முன்னாடியே புக் பண்ணணும்மா" என்றார் பாய். "ஏசி குடிசையா, சாதாவா?"

விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பழைய கூரையை மாற்றி வேய வைத்திருந்த கீற்றை ஆளோடு அனுப்பி வைத்தார். வியாழக்கிழமை சாயந்திரத்துக்குள் அலுங்காமல் திரும்பி வர வேண்டும், ஒரு பிறந்தநாள் பார்ட்டிக்குத் தேவை என்று சொல்லியும் அனுப்பினார்.

அடுத்தது உடுப்பு. வீடு முழுக்கத் துழாவியும் கிழிந்த துணி ஒன்றுகூட அகப்படவில்லை. கிழிசலாக இருந்தது இளவரசியின் ஜீன்ஸ் மட்டும்தான். அது வீட்டிலேயே விலை கூடின துணி என்பதால் அதையும் போடவிடவில்லை. கடிதங்களில் பால் கறந்துகொண்டிருந்த மாடு செத்து எட்டு வருடமாகிறது. அதற்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு வேலம்மாளின் மாட்டை ஓட்டி வந்து கட்டினார்கள். அது மின்விசிறியின் கீழே வளர்ந்த மாடு. வெயிலில் கால் மணி நேரம் நின்றுவிட்டு நேராகக் கொட்டகைக்குள் புகுந்து, மதாமுக்கு விரித்து வைத்திருந்த பாயில் படுத்துக்கொண்டது. எழுப்புவதற்கு மூன்று பேர் வேண்டியிருந்தது.

கடைசியாக வீடு. மதாம் கையில் இருப்பது பச்சை வீட்டு விலாசம். கார் அங்கேதான் வந்து நிற்கும். வீட்டு நெற்றியில் 'குமரவேல் மஞ்சுளா இல்லம்' என்று சிமெண்டிலேயே பொறித்திருந்தது. அதை மறைக்கக் குமரவேல் பரணிலிருந்து ஒரு பேனரை எடுத்து வந்து கட்டினான். வீராம்பட்டினம் தேருக்கு அவனே அடித்து வைத்திருந்த பேனர் அது. வேலை முடிந்து கீழே வந்து பார்த்த பிறகுதான், இல்லத்தின் பெயரை மறைத்த இடத்தில் தானே ஆளுயரத்தில் கழுத்துச் சங்கிலியோடு கும்பிட்டுக்கொண்டு நிற்பது அவனுக்கு உறைத்தது. கழற்ற நேரமில்லை. ரோட்டு முனையில் கார் திரும்பிவிட்டது.

காரை ஓட்டி வந்த ராஜேஷ் புதுச்சேரி டவுன்காரன். வெளிநாட்டுக்காரர்களுக்கு வண்டி ஓட்டி ஓட்டிப் பிரெஞ்சு சரளமாகப் பேசுவான். அவன் பேனரையும் குமரவேலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது உங்க வூடாண்ணே?"

"சேச்சே. பங்காளி வூடு. சாடை அப்பிடித்தான் இருக்கும்" என்றான் குமரவேல். "எங்க வூடு கொல்லையில இருக்கு. வாங்க."

மதாம் கைத்தடியை ஊன்றி, வரப்பில் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தார். எழுபத்தெட்டு வயது. ஒல்லியான உடம்பு, வெள்ளை வெளேரென்ற தலை. கொட்டகை வாசலில் நின்ற மஞ்சுளாவைக் கண்டதும் தடியைக் கீழே போட்டுவிட்டு அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். வரும் வழியில் ராஜேஷிடம் கேட்டுக் கற்றுக்கொண்டதோ என்னவோ, "என் மவ" என்றார்.

மஞ்சுளாவுக்கு அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போல இருந்தது. முப்பத்தொரு வருடமாகக் காகிதத்தில் மட்டும் இருந்தவளின் கை இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அதனாலேயே சொல்ல மனசு வரவில்லை. இந்தக் கையைப் போய் எப்படி விடுவது?

உள்ளே உட்கார்ந்ததும் மதாம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ராஜேஷ் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தான்.

ராத்திரி எங்கே படுப்பீர்கள் என்று கேட்டார். மூன்று பேரும் இதே தரையில்தான் என்றாள் மஞ்சுளா. கட்டில் இல்லையா என்று கேட்டார். இல்லை. கழிப்பறை? குமரவேல் கரும்புக் கொல்லையின் பக்கம் பொதுவாகக் கையைக் காட்டினான். இங்கிருந்து டவுனுக்குப் போக வண்டி வசதி எப்படி என்று கேட்டார். காலையில் ஒரு பஸ், சாயந்திரம் ஒரு பஸ், அதுவும் சில நாள் வராது என்றாள் மஞ்சுளா. ரோட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனதை ராஜேஷ் மரியாதைக்காகக் கவனிக்காமல் இருந்தான்.

ஒவ்வொரு பதிலுக்கும் மதாமின் முகம் வாடியது. இரக்கம் கூடுகிறது, கடிதம் நிற்காது என்று மஞ்சுளா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு என்னவோ செய்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. சுவரில் இருந்த மோட்டார் பெட்டியை மறைக்க ஒரு சாமி படம் மாட்டியிருந்தார்கள். படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று சொன்னது: "மின்சாரம் வந்துவிட்டது. மோட்டார் இயங்கத் தொடங்குகிறது."

மதாம் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். ரேடியோ என்றாள் இளவரசி. வெளியே குழாயில் தண்ணீர் கொப்பளித்துப் பாய்ந்தது. ரேடியோ பாடினால் தண்ணீர் வருமா என்று மதாம் ராஜேஷிடம் கேட்டார்.

"அது பங்காளியோட மோட்டாரு" என்று குமரவேல் குறுக்கே புகுந்தான். உண்மையைச் சொல்லிவிடு என்று முதலில் சொன்னவன் அவன்தான். இப்போது வேஷம் அவனுக்கே பிடித்துப்போயிருந்தது. "அவருக்கு மாடி வூடு, லாரி எல்லாம் இருக்கு. எங்கள இன்னான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டாரு. கல் நெஞ்சுக்காரரு."

மஞ்சுளா அவன் தொடையில் கிள்ளினாள். மதாம் வாசல் வழியாகத் தெரிந்த பச்சை வீட்டையும், பேனரில் கும்பிட்டுக்கொண்டிருந்த கல் நெஞ்சுக்காரரையும் வெறித்துப் பார்த்தார். அப்புறம் மஞ்சுளாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கடிதத்துல ஏதோ கேக்கணும்னு எழுதியிருந்தீங்களே" என்று மஞ்சுளா கேட்டாள். ராஜேஷ் அதைச் சொன்னான்.

மதாம் தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை, உன்னைப் பார்த்ததே போதும், சங்கத்துக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, உயிர் இருக்கும் வரை உனக்கு எழுதுவேன் என்றார். பையிலிருந்து கையால் பின்னிய ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து அவளுக்கு அங்கேயே போட்டுவிட்டார். எழுந்துகொள்ளச் சிரமப்பட்டு மஞ்சுளாவின் தோளைப் பிடித்தார். அவளை நெற்றியில் முத்தமிட்டார். குமரவேலும் ராஜேஷும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து அவரை வரப்பு வழியாகக் கூட்டிப் போனார்கள்.

உச்சி வெயிலில் கம்பளி ஸ்வெட்டரோடு மஞ்சுளா கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நினைத்தது நடந்துவிட்டது. கடிதம் நிற்காது. ஆனால் சந்தோஷம் வருவதற்குப் பதிலாக அழுகை வந்தது. முப்பத்தொரு வருடம் கழித்து அம்மா வந்திருக்கிறாள். தன் வீட்டில் அவளுக்கு ஒரு வாய் சோறு போடவில்லை. தான் நன்றாக இருப்பதை அவள் பார்க்கவே இல்லை.

"அதான் ஜெயிச்சிட்டியே. அப்புறம் ஏன் அழுவுற?" என்றான் திரும்பி வந்த குமரவேல். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னான். அவள் மாட்டேன் என்றாள்.

அப்போது ராஜேஷ் வரப்பில் தனியாகத் திரும்பி வேகமாக வந்தான். கார் இன்னும் பச்சை வீட்டு வாசலிலேயே நின்றிருந்தது. குமரவேலைக் கடந்து மஞ்சுளாவிடம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. அம்மாவுக்கு வர்ற திங்கக்கெழம இங்க டவுன் ஆஸ்பத்திரில முட்டி ஆபரேஷன், அவங்க ஊர்ல அதுக்கு மாசக்கணக்கா காத்துக் கெடக்கணுமாம், அது முடிஞ்சி ஒரு மாசம் எம்மவ வூட்லதான் இருப்பேன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தவங்க, உங்க கஷ்டத்தப் பார்த்துட்டு வாயத் தொறக்காம வண்டில உக்காந்து அழுவுறாங்க. அந்த பேனர்ல கும்பிடறாரே உங்க பங்காளி, அவரு கொஞ்சம் மனசு வெச்சி கீழ் ரூம் ஒண்ணு குடுப்பாரான்னு கேட்டுச் சொல்றீங்களாக்கா?"