நிற்க ஒரு கட்சி, உட்கார ஒரு கட்சி

"பாட்டு ஆரம்பிக்கலாம்" என்று பாஸ்டர் சொன்னதும் கோயிலின் இடது பக்கம் முழுவதும் எழுந்து நின்றது. வலது பக்கம் முழுவதும் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கியது. இப்போது இடது பக்கம் உட்கார்ந்தது, வலது பக்கம் எழுந்தது.

முன் வரிசையில் இருந்த டிரில் மாஸ்டர் வழக்கம்போலப் பாதி எழுந்து, வலதும் இடதுமாகத் திரும்பிப் பின்னால் ஒரு நோட்டம் விட்டார். வாழ்க்கை முழுக்கப் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய மனிதர். இந்தக் காட்சி கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்தியது. உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டார். மனசு சரியில்லை என்றால் அவர் கை தானாகக் காதுக்குப் போய்விடும்.

விஷயம் இதுதான். ஊரில் இரண்டு கோயில்கள் இருந்தன. மேட்டுக் கோயிலில் பாட்டுக்கு நிற்பார்கள், ஜெபத்துக்கு உட்காருவார்கள். ஆற்றோரக் கோயிலில் நேர்மாறு. யார் எப்போது இப்படி ஆரம்பித்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். ஆற்றோரக் கோயிலின் கூரை ஆட்டம் காணவே, போன மழைக்காலத்தில் இரண்டு சபைகளையும் மேட்டுக் கோயிலில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். பெயர்ப் பலகையில் 'ஐக்கிய சபை' என்று புதுப் பெயிண்டில் எழுதினார்கள். ஐக்கியம் பலகையோடு நின்றுவிட்டது.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் டிரில் மாஸ்டரை ஓரங்கட்டினார்.

"மாஸ்டர், சபை ஒற்றுமைப் பொறுப்பை உங்ககிட்ட கொடுத்து மூணு மாசம் ஆகுது. அடுத்த மாசம் புது பிஷப் வர்றார். இந்தக் கூத்தைப் பார்த்தார்னா மறுபடியும் ரெண்டாப் பிரிச்சு விட்டுடுவார். உங்காளுங்க காலையில, அவங்க மத்தியானம்."

டிரில் மாஸ்டருக்குப் பகீரென்றது. அவர் மேட்டுக் கோயில்காரர். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தது ஆற்றோரக் கோயில் குடும்பத்தில். பேத்தி ஞாயிற்றுக்கிழமைதோறும் நடுப்பாதையைத் தாண்டித் தத்தித் தத்தி ஓடிவந்து அவர் மடியில் ஏறிக்கொள்ளும். சபை பிரிந்தால் மடி காலி. சம்பந்தி வீட்டுக்கு வாராவாரம் போய் நிற்க முடியுமா? நாலாவது வாரமே "என்ன, வீட்ல சமையல் இல்லையா?" என்று கேட்டுவிட மாட்டார்களா?

"நான் பார்த்துக்கறேங்கய்யா" என்றார்.

முதல் வாரம் எல்லாரும் எல்லாவற்றுக்கும் நிற்கட்டும் என்று அறிவித்தார். யாருக்கும் விட்டுக்கொடுத்த மாதிரி இருக்காது பாருங்கள். பாட்டுக்கு நின்றார்கள். ஜெபத்துக்கு நின்றார்கள். பாஸ்டரின் பிரசங்கமோ அன்றைக்குப் பார்த்து நீண்டுகொண்டே போனது. உட்காரலாமா கூடாதா என்று யாரும் சொல்லாததால் அதற்கும் நின்றார்கள்.

வாசலில் சம்பந்தியம்மா காத்திருந்தார். ஆற்றோரக் கட்சிக்கு அவர்தான் தலைவி.

"ஏன் சம்பந்தி, நான் உங்க மகளை நல்லாத்தானே வச்சிருக்கேன்? என் முழங்கால் மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"கோபமெல்லாம் இல்ல சம்பந்தியம்மா. எனக்கும்தான் முழங்கால் வலி."

"அப்ப உங்களுக்கே தெரிய வேணாமா?"

அடுத்த வாரம் எல்லாரும் எல்லாவற்றுக்கும் உட்காரட்டும் என்றார். இரண்டாவது பாட்டிலேயே பாதிப் பேருக்குக் கண் சொக்கியது. மூன்றாவது பாட்டில், நடு வரிசையில் இருந்த மருந்துக்கடைக்காரரின் குறட்டை பாடகர் குழுவைவிடச் சுருதி சுத்தமாக இருந்தது. "அவங்க வந்து சேர்ந்ததிலேர்ந்துதான் கோயில்ல தூங்குறாங்க" என்று மேட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "இவங்க கோயில்ல எப்பவும் தூக்கந்தானாமே" என்று ஆற்றோரத்தார் முணுமுணுத்தார்கள்.

"எதுக்குங்க உங்களுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார் மனைவி, சாப்பாடு போட்டபடி.

"பேத்தி மடியில உக்காரணும்ல?"

மனைவிக்கும் அதே ஏக்கம்தான். இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

மூன்றாவது வாரம் டிரில் மாஸ்டர் பீரோவைத் திறந்து தன் பழைய விசிலை எடுத்தார். நீளமாக ஊதினால் நிற்க வேண்டும், குட்டையாக ஊதினால் உட்கார வேண்டும். இதில் குழம்ப என்ன இருக்கிறது?

இருந்தது. சபையில் நடுவயதுக்காரர்கள் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். விசில் நீளமாகக் கேட்டதுதான் தாமதம், இரண்டு பக்கத்திலும் ஆண்கள் துள்ளி எழுந்து, இடைவெளி விட்டு நிற்பதற்காகக் கைகளைப் பக்கவாட்டில் நீட்டினார்கள். பாட்டுப் புத்தகங்கள் பறந்தன. மருந்துக்கடைக்காரரின் கண்ணாடி மூன்று வரிசை தள்ளி விழுந்தது. குழந்தைகள் எல்லாம் ஒரே குரலில் அழ ஆரம்பித்தன. சம்பந்தியம்மாவின் மகனான பேங்க் மேனேஜர்கூட "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டே நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி வைத்தார்.

"மாப்பிள்ளை, நிறுத்துங்க" என்று டிரில் மாஸ்டர் பல்லைக் கடித்தார்.

"நீங்க ஊதாம எப்படி சார் நிறுத்துறது?" என்றார் மாப்பிள்ளை, பழைய பயத்தோடு.

அன்றோடு நிலைமை கைமீறிப் போனது. மேட்டுக்காரர்கள் கொள்கையாக ஆராதனை முழுக்க நின்றார்கள். ஆற்றோரத்தார் கொள்கையாக முழுக்க உட்கார்ந்தார்கள். நடுப்பாதையை இரண்டு பக்கமும் எல்லைக்கோடு மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள். பேத்தி ஓடிவரப் பார்த்தபோது, சம்பந்தியம்மா அதன் சட்டையைப் பின்னால் பிடித்து உட்கார வைத்தார். குழந்தை அங்கிருந்தே தாத்தாவைப் பார்த்துக் கையை நீட்டியது. டிரில் மாஸ்டரின் கை தானாகக் காதுக்குப் போனது.

பிஷப் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், வெட்கத்தை விட்டுச் சம்பந்தி வீட்டுக்கே போனார்.

"சம்பந்தியம்மா, உங்க வழக்கமும் வேணாம், எங்க வழக்கமும் வேணாம். நாளைக்கு பிஷப் என்ன செய்றாரோ அதை நாம எல்லாரும் செய்வோம். அவர் நின்னா நிக்கலாம், உக்காந்தா உக்காரலாம். பிஷப்பைப் பார்த்துச் செஞ்சா யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லையே?"

சம்பந்தியம்மா யோசித்தார். மகள் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "அத்தை, சரின்னு சொல்லுங்க அத்தை" என்றாள்.

"சரி. ஆனா அவர் செய்றதுல ஒண்ணு விடாம உங்காளுங்களும் செய்யணும்."

"ஒண்ணு விடாம."

செய்தி அன்றைக்கே இரண்டு கட்சிக்கும் போய்ச் சேர்ந்தது. "விசிலை மட்டும் ஊதிடாதீங்க மாஸ்டர்" என்று பாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். டிரில் மாஸ்டர் ஊதப்போவதில்லை. ஆனால் அது இல்லாமல் கழுத்து மொட்டையாக இருந்ததால் சும்மா மாட்டிக்கொண்டு போனார்.

பிஷப் நல்ல உயரம், சாந்தமான முகம். சபையைப் பார்த்தபடி போட்டிருந்த பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். நேர் எதிரே முன் வரிசையில் டிரில் மாஸ்டர். கோயில் முழுக்க ஒரு சத்தமில்லை. இரண்டு பக்கமும் பிஷப்பையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாட்டு ஆரம்பிக்கலாம்" என்றார் பாஸ்டர்.

எவரும் அசையவில்லை. யாராவது அவசரப்பட்டு எழுந்து தொலைத்தார்களா என்று பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு டிரில் மாஸ்டர் திரும்பினால், பிஷப் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, வலது பக்கமும் இடது பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

முழுச் சபையும் பாதி எழுந்தது. வலது பக்கமும் இடது பக்கமும் திரும்பியது. மேட்டுக்காரரும் ஆற்றோரத்தாரும் பல மாதங்களுக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிலர் தெரியாத்தனமாகச் சிரித்தும் விட்டார்கள்.

பிஷப் உட்கார்ந்தார். சபை உட்கார்ந்தது. பிஷப் முழங்காலை மெல்லத் தடவினார். பாவம், இவருக்கும் நம்மைப் போல முழங்கால் வலி போலிருக்கிறது என்று டிரில் மாஸ்டர் இரக்கப்பட்டார். சபையில் அத்தனை பேரும் பயபக்தியோடு முழங்காலைத் தடவினார்கள்.

ஜெபம் வந்தது. பிஷப் காது மடலைப் பிடித்து இழுத்தார். இது என்னவோ புது முறை. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். சம்பந்தியம்மா முதல் ஆளாகக் கம்மலோடு சேர்த்து இழுத்தார். மருந்துக்கடைக்காரர், மாப்பிள்ளை, பாடகர் குழு, எல்லாரும் இழுத்தார்கள். ஒரு பிசகு இல்லை. இத்தனை வருட உத்தியோகத்தில் ஒரு அணிவகுப்பு இப்படி அமைந்ததில்லை என்று டிரில் மாஸ்டருக்குப் புல்லரித்தது.

ஆராதனை முடிவில் பிஷப் எழுந்து பேசினார். குரல் தழுதழுத்தது.

"எத்தனையோ சபை பார்த்திருக்கேன். ஒரே உடம்பு மாதிரி அசையுற சபையை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். உங்களை யாரும் பிரிக்கக் கூடாது."

பேத்தி நடுப்பாதையைத் தாண்டி ஓடிவந்தது. இந்த முறை சம்பந்தியம்மா சட்டையைப் பிடிக்கவில்லை. டிரில் மாஸ்டர் அதை வாரித் தூக்கிக்கொண்டார்.

வெளியே இரண்டு கட்சியும் கலந்து நின்று காது இழுப்பதைப் பழகிக்கொண்டிருந்தன.

"வலது காதா, இடது காதா?"

"எந்தக் காதா இருந்தா என்ன, மரியாதை மனசுல இருக்கணும்" என்றார் சம்பந்தியம்மா. "இனிமே இதுதான் நம்ம சபை வழக்கம். அந்த முழங்கால் தடவுறது இருக்கே, என்ன ஒரு தாழ்மை!"

'நம்ம சபை' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்ட டிரில் மாஸ்டருக்குக் கண் கலங்கியது. இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று பிஷப்பிடம் விளக்கம் கேட்டு வைத்துக்கொண்டால் நல்லது என்று பேத்தியோடு கார் பக்கம் போனார். பிஷப் பாஸ்டரோடு உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார். டிரைவர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஐயா இந்தக் காது இழுக்கிற முறையை எங்க கத்துக்கிட்டார்?"

டிரைவர் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்து விசிலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீங்கதானா சார் அது? சபைக்குச் சபை வழக்கம் மாறும்னு ஐயா எங்க போனாலும் முன் வரிசையில ஒரு பெரியவரைப் பார்த்து அப்படியே செஞ்சுடுவார், இன்னைக்கு முழுக்க விசில்காரரைப் பார்த்துத்தான் செஞ்சாராம். அந்த முழங்காலைத் தடவுறது மட்டும் எதுக்குன்னு கேட்டுட்டு வரச் சொன்னார்."