என் மேல் நானே எழுதிக் கொடுத்த புகார்

எருமப்பட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை கலையரசன் அவர்களுக்கு, பச்சமுத்து எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அக்கா சௌந்திரம் சுகம். மழை பரவாயில்லை. மாடு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. என்னைத் தவிர இந்த வீட்டில் எல்லா உயிரும் நன்றாக இருக்கிறது. ஆத்தூரில் தங்கச்சியும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இதை மில்லில் நாலு பேர் நடுவில் வைத்துப் படிக்க வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அந்தப் போனை இனி நான் தொடுவதாக இல்லை.

உங்கள் மருமகள், என் மகள் அறிவுச்செல்வி திருச்செங்கோட்டுப் பக்கம் விடுதியில் தங்கிக் கடைசி வருடம் படிக்கிறாள் அல்லவா. சேர்ந்த புதிதில் கல்லூரியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மெயில் கணக்குக் கொடுத்தார்கள். அப்போது அவளிடம் தனிப் போன் இல்லாததால் என் போனில் போட்டு வைத்தாள். பிறகு அவளுக்குப் போன் வாங்கியும் என் போனிலிருந்து அதை எடுக்கவில்லை. நான் ரிக் லாரியோடு சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுத் திரிந்த வரைக்கும் அது டிங் டிங் என்று அடித்தது என் காதில் விழவே இல்லை. பங்குனியில் இடுப்புப் பிடித்துக்கொண்டு வீட்டோடு வந்து படுத்த பிறகு, விடியற்காலை ஐந்து மணிக்கு வேறு வேலை இல்லாமல் ஒரு நாள் தொட்டுவிட்டேன். தொட்டது தப்புத்தான் மாப்பிள்ளை. முதலில் பரீட்சை அறிவிப்பு, நூலக அறிவிப்பு என்று சப்பென்றுதான் இருந்தது. ஆடி பிறந்த பிறகு அவள் தன் தோழி அனிதாவுக்குத் தமிழிலேயே நீளநீளமாக எழுத ஆரம்பித்தாள். ஒரு பாடத்தில் தவறிப்போய்க் குளியலறையில் நின்று அழுதாளாம். ஒரு வாத்தியார் இவளைப் பாராட்டினாராம். இவளுக்குக் கத்தரிக்காய் பிடிக்காதாம், இருபத்தோரு வருடமாக நமக்குத் தெரியாது பாருங்கள். வருடத்தில் ஒன்பது மாதம் வெளி மாநிலத்தில் கிடந்து, சொந்த வீட்டுக்கே விருந்தாளி போல வந்து போனவன் நான். என் மகள் யாரென்று இந்தக் கடிதங்களில்தான் தெரிந்துகொண்டேன். அதனால் விட முடியவில்லை.

போன மாதம் இடி விழுந்தது. புனேவில் வேலை கிடைத்திருக்கிறதாம். "அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல அனிதா. ஊட்டுல ஜாதகத்தை வெளிய எடுத்துட்டாங்க" என்று எழுதியிருந்தாள். சந்தோஷத்தையும் காட்ட முடியாது, கோபத்தையும் காட்ட முடியாது. அந்த வாரம் அவள் வீட்டுக்கு வந்தபோது சோறு தின்றுகொண்டிருந்தவன் வாய் தவறி, "புனேயில குளிரு சாஸ்தியாமே" என்றுவிட்டேன். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஏனுங்கப்பா, திடீர்னு புனே?" என்றாள். "அங்கயும் போர் போட்டிருக்கோம் சாமி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்து விக்கலே எடுத்துவிட்டது.

இந்தத் திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்களுக்குக் கொடுத்த மெயில் கணக்கு கல்லூரியின் உடைமையாம். தேவைப்பட்டால் நிர்வாகம் பார்வையிடுமாம். சொந்த விஷயத்துக்கு வேறு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டுமாம். வயசுப் பிள்ளையின் கடிதத்தை எவனோ ஒருவன் உட்கார்ந்து படிப்பதா! இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நாமக்கல் போய்த் திருச்செங்கோட்டுப் பஸ் பிடித்து நேற்றுக் கல்லூரிக்கே போய்விட்டேன்.

கம்ப்யூட்டர் பிரிவில் பிரீத்தி என்று ஒரு மேடம். தன்மையான பெண். "ஏனுங்க மேடம், அடுத்தவங்க கடுதாசியப் படிக்கறது நாயமுங்களா?" என்று சத்தமாகவே கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "எழுத்துல புகார் வந்து, கமிட்டி அனுமதி குடுத்தாத்தான் சார் நாங்க திறக்க முடியும். உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. எங்கேருந்து திறக்கறாங்கன்னு மட்டும்தான் தெரியும். உங்க பொண்ணு கணக்கையே காட்டறேன் பாருங்க" என்று திரையைத் திருப்பினாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "சார், ஒண்ணு ஹாஸ்டல்ல இருக்கற போன். இன்னொண்ணு நாமக்கல் பக்கம். தினமும் காலைல அஞ்சு பத்துக்கு யாரோ உங்க பொண்ணு மெயிலைத் திறக்கறாங்க."

மாப்பிள்ளை, ஐந்நூறு அடி ஆழத்தில் ராடு சிக்கிக்கொண்டபோதுகூட எனக்கு அப்படி வேர்த்ததில்லை. நான் மகளை நினைத்துப் பதறுகிறேன் என்று எண்ணி அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தாள். "பயப்படாதீங்க. அப்பாவா நீங்களே ஒரு புகார் எழுதிக் குடுங்க. திங்கட்கிழமை கமிட்டியில வச்சு ஆளைப் புடிச்சிரலாம். தேவைன்னா போலீசுக்கும் போகலாம்" என்றாள். மாட்டேன் என்று சொன்னால் சந்தேகம் வராதா? எழுதிக் கொடுத்துவிட்டேன். 'என் மகளின் மெயிலைத் திருட்டுத்தனமாகப் படிக்கும் அயோக்கியனைக் கண்டுபிடித்துக் கடும் தண்டனை தர வேண்டும்' என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். உடனே அந்தப் பெண் எச்சரிக்கை ஒன்றை உங்கள் மருமகள் கணக்குக்கு அனுப்பினாள். என் சட்டைப்பையில் டிங் என்று அடித்தது. அந்தப் பெண் என் பையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். "மாத்திரை நேரமுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடினேன். அந்த இடுப்போடுதான்.

போலீசுக்குக்கூடப் பயமில்லை. அறிவு என் முகத்தைப் பார்த்து, "நீங்களாப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அப்புறம் நான் எங்கே போவேன்? அதனால் உங்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். திங்கட்கிழமை காலை கல்லூரிக்கு வந்து, அந்தப் போன் ஆறு மாதமாக உங்களிடம் இருந்தது, படித்தது நீங்கள்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தாய்மாமன் படித்தால் அது உரிமை, அப்பன் படித்தால்தான் அசிங்கம். ஆத்தூர்க்காரர் போன் நாமக்கல்லில் எப்படி என்று கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சாமர்த்தியம் உண்டு.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க அர்த்தநாரீசுவரர் துணை நிற்கட்டும். எனக்கும் கொஞ்சம் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
சி. பச்சமுத்து

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. நீங்கள் வர வேண்டாம். நேற்று அறிவு வந்தாள். கல்லூரியில் கூப்பிட்டுக் கேட்டார்களாம். "அது எங்கப்பா போனுங்க, எனக்குத் தெரியும்னு எழுதிக் குடுத்துட்டு வாரேன்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். படிக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்குமாம். யாராவது படித்தால் மெலிந்துவிடுமாம். ஆனி மாதமே கண்டுபிடித்துவிட்டாளாம். "அப்புறம் எதுக்குச் சாமி அனிதாவுக்கு அத்தனையும் எழுதுன?" என்று கேட்டேன். "அனிதா என் ரூம்லதானுங்கப்பா இருக்கறா. பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கறவளுக்கு ஆராச்சும் மெயில் போடுவாங்களா?" என்றாள். அத்தனையும் எனக்கு எழுதியதாம். அந்தக் கணக்கை என் போனிலிருந்து எடுத்துவிட்டாள். இனிமேல் எதுவானாலும் நேராகவே கேளுங்கள் என்று சொல்லிவிட்டாள். இன்று காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்து, என்ன கேட்பதென்று வெகுநேரம் யோசித்து, அவள் எழுந்து வந்ததும், "விடுதியில இன்னைக்கு என்ன டிபன் சாமி?" என்று கேட்டேன். "ஊட்டுலதானுங்கப்பா இருக்கறேன்" என்றாள்.