உப்பிட்டா, உப்பிட்டு

இறந்துபோன கணவரின் செல்போன் வயிறு உப்பி, திரை ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அகராதியம்மா செய்த முதல் காரியம், தடித்த அகராதி ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்ததுதான்.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் அவள். அந்தப் பெயர் தொழிலால் வந்ததா, குணத்தால் வந்ததா என்று அங்கே இன்னும் முடிவாகவில்லை. அட்டை பிரிந்த புத்தகத்துக்குச் செய்யும் வைத்தியத்தைப் போனுக்கும் செய்தாள். காலையில் பார்த்தால் திரை இன்னும் ஒரு விரற்கடை எழும்பியிருந்தது.

வேறு போனாக இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். இதற்குள் அவர் பதிந்து வைத்த நாற்பது ஒலிப்பதிவுகள் இருந்தன. தலைப்பு கிடையாது, தேதி மட்டும். கடைசித் தேதி, அவர் போவதற்கு மூன்று வாரம் முன்பு. தனக்கென்று ஏதோ சொல்லி வைத்திருக்கிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. கேட்கத்தான் பதினோரு மாதமாகத் துணிச்சல் வரவில்லை. துணிச்சல் வந்த வாரம் பார்த்து பேட்டரி உப்பிக்கொண்டது.

கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவர் பேருந்தில் நின்றபடி பேசினார். சார்ஜ் போடக்கூடாது, குத்தக்கூடாது, அமுக்கவே கூடாது என்று அடுக்கினார். அகராதியைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை.

"உப்பிட்டா தகர டப்பாவுல போட்டு வெளியில வைங்க அண்ணி."

பேருந்து இரைச்சலில் ஒரே ஓர் எழுத்து மாறியது. 'உப்பிட்டா' என்று அவர் சொன்னது 'உப்பிட்டு' என்று இவள் காதில் விழுந்தது. பிஸ்கட் டப்பாவில் போனைக் கிடத்தி, இரண்டு கிலோ தூள் உப்பைக் கொட்டி, பால்கனியில் வைத்தாள்.

மாலையில் கொழுந்தன் வந்து மூடியைத் திறந்தார். 

"அண்ணன் போனை எதுக்கு உப்புக்கண்டம் போட்டிருக்கீங்க?"

"நீங்கதானே தம்பி உப்பிட்டு வைக்கச் சொன்னீங்க."

"உப்பிட்டா-ன்னேன். வீங்கிட்டான்னு அர்த்தம்."

"அப்ப வீங்கிட்டான்னே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

முப்பது வருடம் ஊரார் பிழையைப் பிடித்தவள், இது சொன்னவர் பிழையே தவிரக் கேட்டவள் பிழையல்ல என்று வாதாடினாள். வாய்க்குப் பயந்த கொழுந்தன், பரிகாரமாக ஹேர் டிரையரால் உப்பை ஊதித் தள்ள முனைந்தார். சூடு பட்டதும் போன் 'உஸ்' என்று சீறியது. இனிப்பும் காரமுமாக ஒரு நெடி கிளம்பியது. இருவரும் அதை மறுபடி உப்பிலேயே போட்டுவிட்டு மின்கழிவு சேகரிக்கும் அலுவலகத்துக்கு ஓடினார்கள்.

அங்கிருந்த குமாஸ்தா கையுறை மாட்டி, மணல் நிரப்பிய பீப்பாயைக் காட்டினார். பேட்டரியைத் தனியாகக் கழற்றும் வேலை அங்கே இல்லை. முழுப் போனும் உள்ளே போகும், திரும்பி வராது என்றார். டப்பாவை நீட்டியவள் அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நெஞ்சோட வச்சுக்காதீங்கம்மா. வெடிச்சிரும்."

"வெடிக்கட்டும். அவர் குரல் இல்லாம எனக்கு மட்டும் என்ன வாழுது."

குமாஸ்தா கொழுந்தனைப் பார்த்தார். கொழுந்தன் கூரையைப் பார்த்தார். குமாஸ்தா இறங்கிவந்து, எதிரே இருந்த போன் பழுதுபார்க்கும் கடையில் பேட்டரியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு வரும்படி அனுப்பினார்.

எதிர்க்கடைக்காரர் கெட்டிக்காரர். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விட்டு, குத்தாமல் கிழிக்காமல், உப்பிய பேட்டரியைப் பெயர்த்து மணல் வாளியில் போட்டார். கொழுந்தன் வாளியைத் தூக்கிக்கொண்டு எதிரே போனார். கடைக்காரர் உப்பைத் தூரிகையால் துடைத்தார். இண்டு இடுக்கெல்லாம் உப்பு, யார் செய்த வேலை என்று முணுமுணுத்தார். அகராதியம்மா சுவரில் இருந்த விளம்பரத்தில் பிழை தேடினாள். புதுப் பேட்டரி ஏறியது. போன் கண் விழித்தது.

அவள் அதைக் கடைக்காரரிடமே திருப்பித் தள்ளினாள். முதலில் நீங்கள் கேட்டுவிட்டு, தாங்கக்கூடியதா என்று சொல்லுங்கள் என்றாள்.

கடைக்காரர் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஒரு பதிவைக் கேட்டார். புருவத்தைச் சுருக்கினார். அடுத்ததைக் கேட்டார், அதற்கடுத்ததையும். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

"என்னதான் சொல்றார்?"

"கேட்ட வரைக்கும் எல்லாத்துலயும் யாரோ ஒரு அம்மா குறட்டை விட்டுட்டிருக்காங்கக்கா, ஒவ்வொண்ணு முடியறப்பவும் சார் குரல் மட்டும் மெதுவா, 'இதையும் காலையில இல்லேன்னு சாதிப்பா'ங்குது."