எங்கள் வாசலில் நடந்த ஸ்காட்லாந்து யுத்தம்

ரீட்டா, ஜோசப், இரண்டு பேரும் இதைப் படியுங்கள். கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குழிக் கதையைச் சொல்லிவிடுகிறீர்கள். உங்கள் கதையில் நான் கோமாளி, பக்கத்து வீட்டு ஊ பா தின் தர்மராஜா. எல்லாரும் சிரித்து முடித்ததும் அம்மா கேக் வெட்டிக் கொடுக்கிறாள். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனாலும் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். நான் கோபப்பட்டது தப்பே இல்லை. அந்தக் கோபத்தில் செய்த வேலைதான் படுமட்டம்.

நம் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கும் துண்டு நிலத்தை நீங்கள் வெறும் மண் என்று நினைக்கலாம். பம்பு மோட்டார் ரிப்பேரில் நான் கொண்டுவந்தது அரிசிக்கும் எண்ணெய்க்கும்தான் சரியாக இருந்தது. உங்கள் படிப்பு முழுக்க, அந்த மண்ணில் காலையில் அம்மா போட்ட தோசைக்கல்லில் இருந்து வந்தது. நாலு குட்டி நாற்காலி, ஒரு மேசை, அவ்வளவுதான் கடை. நம் தின்கன்ஜூன் பேட்டையில் பஸ் பிடிக்க ஓடுகிற டீச்சர்களும் குமாஸ்தாக்களும் அங்கே உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் ஓடுவார்கள்.

அப்போது பின் வீட்டுக்காரரோடு சாக்கடைத் தகராறு வந்தது. நியாயம் சொல்ல ஊ பா தின்னைக் கூப்பிட்டோம். (கூப்பிட்டது நான்தான். வேறு யார் இவ்வளவு புத்திசாலி?) ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கணீரென்று பேசுவார். பெரிய வெள்ளைக் காரை நம் வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். நியாயம் சொன்னார். டீ குடித்தார். வீட்டுக்குப் போனார். கார் மட்டும் போகவில்லை.

மறுநாளும் அங்கேதான் நின்றது. அடுத்த மாதமும். நாற்காலி போட இடமில்லாமல் அம்மா தோசைக்கல்லைச் சுவரோரம் ஒதுக்கினாள். உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நின்று சாப்பிட்டார்கள். நின்றவர்கள் அப்புறம் வரவே இல்லை. நான் போய்க் கேட்டேன்.

"ஊ பா தின், காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் நல்லது."

"உங்கள் மாமரத்து நிழலில் நிற்கட்டுமே கோ அந்தோணி. இவ்வளவு பெரிய கார் நின்றால் உங்கள் வாசலுக்கும் அழகுதானே!"

அழகாம்! கோ என்று அண்ணன் முறை வேறு! வீட்டுக்கு வந்து, இல்லாத கரெண்டைத் திட்டினேன். அவரைத் திட்டத் தைரியம் இல்லை.

அந்த வாரம்தான் ரீட்டா, உன் டியூஷனில் ஸ்காட்லாந்துப் பாடம் வந்தது. பழைய காலத்தில் அவர்களுடைய சிம்மாசனம் காலியாகிவிட்டது. ஆளுக்கு ஆள் எனக்கு உனக்கு என்றார்கள். நியாயம் சொல்லச் சொல்லி இங்கிலாந்து ராஜாவைக் கூப்பிட்டார்கள். வந்தவன், முதலில் எல்லாரும் என்னை எஜமான் என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்றான். பிறகு படையோடு வந்து நாட்டையே பிடித்துக்கொண்டான்.

"அடப்பாவி, இது ஊ பா தின்னேதான்!" என்று நான் கத்தினேன். "அப்புறம் என்ன ஆச்சு? சொல்லு!"

"அப்புறம் ஸ்காட்லாந்துக்காரங்க சண்டை போட்டாங்கப்பா. குழி வெட்டி, மேலே புல்லு தழையெல்லாம் போட்டு மூடி வச்சாங்களாம், இங்கிலாந்துக் குதிரையெல்லாம் கால் மாட்டி விழட்டும்னு."

உள்ளுக்குள் எனக்குப் பளிச்சென்று வெளிச்சம் வந்தது. (வீட்டில் அப்போதும் கரெண்ட் இல்லை.)

சனிக்கிழமை ஊ பா தின் காரை எடுத்துக்கொண்டு பெகுவில் மச்சினர் வீட்டுக்குப் போனார். மத்தியானம் நான் கடப்பாரையோடு இறங்கினேன். ஸ்காட்லாந்துக்காரர்கள் வரிசையாக வெட்டினார்களாம். எனக்கு ஒன்று வெட்டுவதற்குள்ளேயே நாக்கு தள்ளிவிட்டது. முழங்கால் ஆழம், கார்ச் சக்கரம் இறங்குகிற அகலம். என்ன தோண்டுகிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் என்றேன். சாயங்காலத்துக்குள் மூன்று பெண்கள் வாளியோடு வந்து நின்றார்கள். டீக்கடைக்காரர் தன் கடைக்கும் ஒரு குழாய் இழுத்துத் தரச் சொன்னார். எல்லாரையும் அனுப்பிவிட்டு, மூங்கில் பட்டைகளைக் குறுக்கே வைத்து, சாக்கை விரித்து, மண்ணும் மாவிலையும் தூவினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

"என்னங்க, பைப்பு ஒட்டியாச்சா?" என்றாள் அம்மா.

"ஆச்சு."

"தண்ணி எங்க?"

"வரும், வரும்."

தண்ணீரும் வரவில்லை, காரும் வரவில்லை. மச்சினர் வீட்டில் நல்ல சாப்பாடு போலிருக்கிறது, அங்கேயே தங்கிவிட்டார். காத்திருந்து காத்திருந்து நான் தூங்கிப்போனேன்.

காலையில் என்னை எழுப்பியது மணிச் சத்தம். பிட்சை வாங்க பிக்குகள் வரிசையாக வருகிற மணி. நாம் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்றாலும், அம்மா தினமும் அவர்களுக்குத் தோசை போடுவாள். கார் நின்ற நாளெல்லாம் தெருவரைக்கும் நடந்து போய்த்தான் போட்டாள். அன்றைக்கு வாசல் திறந்து கிடந்ததா, வந்த சந்தோஷத்தில் தட்டோடு படியிலேயே நின்று அவர்களை உள்ளே அழைத்துவிட்டாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னால் வந்தவர் வயதான பெரிய பிக்கு, கண் சரியாகத் தெரியாதவர். வெறுங்காலோடு, குனிந்த தலையோடு, நேராக என் மாவிலையை நோக்கி வருகிறார்.

பிள்ளைகளே, அவர் மட்டும் அதில் விழுந்திருந்தால், வாசல் என்ன, அந்தத் தெருவிலேயே நமக்கு இடம் இருந்திருக்காது. லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவர் கால் வைப்பதற்கு ஒரு அடி முன்னால், நானே குதித்தேன்.

மூங்கில் முறிந்த சத்தம் எது, என் கணுக்கால் சத்தம் எது என்று தெரியவில்லை. முட்டி மடங்கி விழுந்ததில் என் இரண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டன. தெருவே கூடிவிட்டது.

"ஏன் குழிக்குள் இருக்கிறாய், தகா?" என்று பெரியவர் அமைதியாகக் கேட்டார். பிட்சை போடுகிறவர்களை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவர்களை நாம் பயா என்போம்.

"குழாய், பயா."

"குழாய் எங்கே?"

"இன்னும் வரவில்லை, பயா."

அவர் குழியைச் சுற்றிக்கொண்டு போய்த் தோசையை வாங்கிக்கொண்டார். பின்னால் வந்தவர்களும் என்னைச் சுற்றிக்கொண்டே போனார்கள்.

சரியாக அந்த நேரத்தில்தான் வெள்ளைக் கார் வந்தது. வந்தது குழிக்கு அல்ல. கூட்டத்தைப் பார்த்துத் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. ஊ பா தின் ஓடி வந்தார், கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார், தன் காரிலேயே கிளினிக்குக்கு ஏற்றிப் போனார். ஏசி வேறு போட்டார். எதிரியின் ஏசியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் அது எப்படிக் குளிருமென்று.

"எதற்குக் கோ அந்தோணி அந்தக் குழி?" என்றார்.

நான் குழாய் என்று ஆரம்பிப்பதற்குள், அம்மாவோடு பின் சீட்டில் ஏறியிருந்த ரீட்டா, நீ ஸ்காட்லாந்திலிருந்து ஆரம்பித்து முழுப் பாடத்தையும் ஒப்பித்துவிட்டாய்.

ஊ பா தின் காரை ஓரமாக நிறுத்தினார். "அப்படியென்றால் நான் இங்கிலாந்து ராஜாவா?"

"ஆமா ஊலே," என்று மாமா முறை வைத்து வேறு சொன்னாய். "எங்கப்பா ஸ்காட்லாந்து ராஜா."

"அந்த ஸ்காட்லாந்து ராஜாவும் குழிக்குள் விழுந்தாரா?"

"இல்ல ஊலே. எங்கப்பா மட்டும்தான்."

மனிதர் சிரித்த சிரிப்பில் ஹாரன் அடித்தது. உங்கள் அம்மாவும் சிரித்தாள். அதை நான் மறக்கவில்லை.

மறுநாளிலிருந்து காரைத் தன் வேலியோரம் நிறுத்தினார். அதோடு விட்டாரா? டீக்கடையில் உட்கார்ந்து, "கோ அந்தோணிக்கு நான் சுதந்திரம் கொடுத்துவிட்டேன்" என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொன்னார். இன்றைக்கும் சைக்கா ரிக்ஷா ஓட்டுகிறவனிடம் நம் வீட்டுக்கு வழி கேட்டால், "ஸ்காட்லாந்து வீடா?" என்கிறான். அம்மாவின் வியாபாரம் பழையபடி நடந்தது, உங்கள் படிப்பும் நிற்கவில்லை. சந்தோஷம்தான். ஆனால் கேட்கிறேன், நம் வாசலை நமக்குக் கொடுக்க அவர் யார்? சண்டையில் தோற்ற பிறகும் இங்கிலாந்துக்காரர்கள் ஸ்காட்லாந்தின் சுதந்திரத்தைப் பல வருஷம் ஒத்துக்கொள்ளவே இல்லை என்று ரீட்டா நீதான் படித்துச் சொன்னாய். அவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது. முறைத்துக்கொண்டாவது இருந்தார்கள். இந்த மனிதர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். நாம் தயவா கேட்டோம்? நம்முடையதைத்தானே கேட்டோம்!

உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த வாரம் ஒரு மத்தியானம், நீங்கள் பள்ளிக்கூடத்தில், அம்மா மார்க்கெட்டில். தெருவில் ஒரு ஆள் இல்லை. நான் நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போய், ஊ பா தின்னின் வேலி ஓரத்தில் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். பிறகு கட்டுப் போட்ட காலை மெதுவாகத் தூக்கி, வேலிக்கு அடியில் விட்டு, அவருடைய பக்கத்தில் ஒரு ஜாண் தூரம் நீட்டி வைத்துக்கொண்டேன்.